தம்பியை எங்கே சேர்ப்பது? போதை சிகிச்சை மையங்கள் பற்றி ஓர் அக்காவின் மதிப்பீடு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொது மருத்துவமனையின் மனநலத் துறையோடு சேர்ந்து நடக்கும் போதை மீட்புப் பிரிவில்தான் என் தம்பிக்குச் சிகிச்சை நடக்கிறது. ஆரம்பத்தில் வார்டில் அட்மிஷன், பிறகு ஓபியில் மாதக்கணக்கில் தொடர் சிகிச்சை. உங்கள் வீட்டில் குடியாலோ வேறு போதையாலோ யாராவது அவதிப்பட்டால், இப்படி ஒரு பிரிவு பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் எழுதுகிறேன்.

பக்கத்தில் உள்ள மையங்கள் என்று தேடினால் நீளமான பட்டியல் வரும். மறுவாழ்வு இல்லம், மீட்பு மையம், ஆலோசனை நிலையம் என்று விதவிதமான பெயர்கள். எல்லாவற்றுக்கும் பச்சைப் புல்வெளியும் சிரித்த முகங்களுமாகப் படங்கள். அவற்றில் எங்கே மருத்துவர் இருக்கிறார், எங்கே வெறுமனே பூட்டி வைக்கிறார்கள் என்பது பட்டியலைப் பார்த்துத் தெரியாது. போன் பேசினால் தெரியும். ஓர் இடத்தின் தரத்தைக் கண்டுபிடிக்க, அங்கே போனை எடுப்பவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று கவனித்தாலே போதும் என்பது என் அனுபவம்.

தம்பியின் நிலைமை இதுதான்: காலையில் கண் விழித்ததும் கை நடுங்கும். கொஞ்சம் மது உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும், அதன் பிறகுதான் பல் தேய்க்கவே முடியும். தூக்கம் வரவில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையும் சேர்ந்துகொண்டு பழக்கமாகிவிட்டது. இதைச் சொல்லித்தான் ஒவ்வோர் இடத்திலும் விசாரித்தேன்.

ஒரு தங்கும் மையத்தில் போனை எடுத்தவர் நான் பேசி முடிக்கக்கூட விடவில்லை. "எப்ப வண்டி அனுப்பட்டும் மேடம்? அவர் வர மாட்டேன்னு சொன்னாலும் பரவாயில்ல, எங்க பசங்க நாலு பேர் வருவாங்க, தூக்கிடுவாங்க" என்றார். என்ன குடிக்கிறார், எவ்வளவு, கல்லீரல் எப்படி இருக்கிறது, எதையும் கேட்கவில்லை. டாக்டர் எப்போது வருவார் என்று நான்தான் கேட்டேன். "தேவைப்பட்டா கூப்பிடுவோம்" என்றார். அங்கேயே போனை வைத்துவிட்டேன்.

மருத்துவமனைப் பிரிவுக்குக் கூப்பிட்டபோது பேசியவர் ஒரு நர்ஸ். அவர் கேட்டது: "கடைசியா எப்ப குடிச்சார்மா? இதுக்கு முன்னாடி நிறுத்தினப்ப வலிப்பு ஏதாவது வந்துச்சா? இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுதுன்னு சொன்னாரா? மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி? வேற என்ன மாத்திரை போடுறார்?" அல்பிரசோலம் என்றதும் குரல் மாறியது. "அப்ப நீங்களா எதையும் நிறுத்த வேண்டாம். குடியையும் மாத்திரையையும் ஒரே நாள்ல நிறுத்தினா ஆபத்து. கூட்டிட்டு வாங்க, வர்ற வரைக்கும் தனியா விடாதீங்க."

இந்தக் கேள்விகள் ஏன் முக்கியம் என்று எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆரம்பிக்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 48லிருந்து 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிற கடுமையான மனக்குழப்ப நிலை வரும். காய்ச்சல் அடிக்கும், பூச்சி ஊர்கிறது என்பார்கள், ஆள் அடையாளம் தெரியாது. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். "மன உறுதி இருந்தா நிறுத்திடலாம்" என்று அறிவுரை சொல்லும் சொந்தக்காரர்களுக்கு இது தெரியாது. வைராக்கியத்தோடு நிறுத்திய ஆள்தான் மூன்றாம் நாள் ஐசியுவில் கிடப்பார். வலிப்போ குழப்பமோ ரத்த வாந்தியோ வந்துவிட்டால் எந்த மையத்தையும் தேட வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மருத்துவர் இல்லாத ஓர் இல்லத்தில் கதவைப் பூட்டிவிட்டால் இந்த நான்கு நாளும் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் நேரில் போய்ப் பார்த்த ஓர் இடத்தில், புதிதாக வந்தவர்களை முன்பே சேர்ந்த நோயாளிகள்தான் பார்த்துக்கொண்டார்கள். வீட்டாரோடு பேசுவதற்குத் தடை, போனைப் பிடுங்கி வைப்பார்கள், மாடி ஜன்னல் முழுக்கக் கம்பி வலை. மருந்து அலமாரி எங்கே என்றேன். காட்ட முடியாது என்றார்கள். கட்டாயப்படுத்தி அடைத்து வைக்கும் போதை மையங்களை மூட வேண்டும் என்று 2012இல் ஐ.நா.வின் 12 அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன. அது சும்மா வந்த அறிக்கை அல்ல. அங்கே ஒரு பையன் என்னைப் பார்த்ததும் வேகமாக எழுந்து வந்து, பக்கத்தில் நின்றவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் உட்கார்ந்தான். என் தம்பியை அங்கே விட எனக்கு மனசு வருமா?

எல்லாத் தங்கும் மையமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். தினமும் மருத்துவர் வந்து பார்க்கிற, இரவில் நர்ஸ் இருக்கிற, குடும்பத்தை வாரா வாரம் உள்ளே அழைத்துப் பேசுகிற மையங்களும் உண்டு. வீட்டுச் சூழலே குடிக்கத் தூண்டுவதாக இருப்பவருக்கும், போக்கிடம் இல்லாதவருக்கும் அப்படி ஓர் இடம்தான் சரி. உரிமம் இருக்கிறதா, யார் கொடுத்தது, பொறுப்பு மருத்துவர் யார், நோயாளி போக விரும்பினால் என்ன செய்வீர்கள், டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் தொடர்ந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்ன மையம் எனக்கு ஒன்றுதான் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரத்தோடு விற்கும் பொடிகள். என் தம்பி மனைவியிடமும் ஒருவர் அதைக் கொண்டுவந்து நீட்டினார். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவரும் சொல்ல மாட்டார். டைசல்ஃபிரம் என்று முறையான மருந்தே ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால், மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு உடம்பிலேயே தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட அந்த விளைவு இருக்கும். அதனால்தான் நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள். தெரியாமல் கலந்து கொடுப்பதை யாராவது சிகிச்சை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, வார்டுக்கு வருகிறேன். இங்கேதான் இந்தப் பிரிவுக்கு என் முழு மதிப்பெண்.

அட்மிஷன் போட்ட அன்றே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். கல்லீரல் வீங்கியிருந்தது. அதனால் நடுக்கத்துக்கு லோராசெபாம் கொடுத்தார்கள். கல்லீரல் பாதித்தவருக்கு அதுதான் பாதுகாப்பு என்று டாக்டர் விளக்கினார். ட்ரிப்ஸில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் ஊசி போட்டார்கள். தயமின் என்பது பி1 வைட்டமின். நீண்ட நாள் குடித்தவர்களிடம் அது வற்றிப்போய் இருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். அந்தப் பாதிப்பின் பெயர் வெர்னிக்கே. இதைக் கேட்டபோது, வெளியே ஏதோ ஒரு கிளினிக்கில் "சும்மா ஒரு ட்ரிப்ஸ் போட்டு அனுப்புங்க" என்று கேட்பவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தாளோடு வருவார். "கையை நீட்டுங்க, விரலை விரிங்க" என்பார். தம்பியின் விரல் நுனியில் தன் விரலை லேசாக வைத்து நடுக்கத்தைப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத சின்ன நடுக்கமும் அப்படித் தொட்டால் தெரியுமாம். நெற்றி வியர்வை, குமட்டல், தலைவலி, தோலில் ஏதாவது ஊர்வது போல இருக்கிறதா, சத்தம் எரிச்சலாக இருக்கிறதா, இன்று என்ன தேதி என்று மொத்தம் 10 விஷயம் பார்த்து எண் போடுவார். சிவா (CIWA) அளவுகோல் என்று பெயர், உச்சம் 67. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும். ஒருநாள் ராத்திரி எண் ஏறியபோது டியூட்டி டாக்டர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அரை மணி நேரம் கட்டில் பக்கத்திலேயே நின்றார். கடுகடுப்பே இல்லை. தம்பி திரும்பத் திரும்ப "சாரி சார்" என்றபோது, "எதுக்கு சாரி? சுகர் ஏறினா சாரி சொல்வீங்களா?" என்று கேட்டார். எத்தனையோ வருடத்தில் யாரும் அவனிடம் அப்படிப் பேசவில்லை. நான் வராண்டாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

உடம்பில் உள்ள போதையை இறக்குவது சிகிச்சையின் ஆரம்பம் மட்டுமே. பல மையங்கள் இதோடு "குணமாகிவிட்டார்" என்று அனுப்பிவிடுகின்றன. 90 நாளுக்குக் குறைவான சிகிச்சையால் பெரிய பலன் இருக்காது என்பது அமெரிக்காவின் தேசியப் போதை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. இங்கே டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அடுத்த ஓபி தேதி எழுதித் தந்தார்கள். அல்பிரசோலத்தைப் படிப்படியாகக் குறைக்க ஒரு அட்டவணை. குடி ஆசையை அடக்க அகாம்ப்ரோசேட், 333 மில்லிகிராம், வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. நால்ட்ரெக்சோன் என்று இன்னொரு மருந்தும் உண்டு, கல்லீரலை யோசித்து அகாம்ப்ரோசேட்டையே தேர்ந்தெடுத்தார்கள். அகாம்ப்ரோசேட் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் அதற்கும் முன்கூட்டியே பரிசோதனை. ஏன் இது, ஏன் அது வேண்டாம் என்று தம்பியை உட்கார வைத்து விளக்கினார்கள். முடிவெடுத்ததில் அவனுக்கும் பங்கு இருந்ததால்தான் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறான் என்று நினைக்கிறேன்.

நடுவில் ஒருமுறை மறுபடி குடித்துவிட்டான். வீடே இடிந்து போனது. தம்பி மனைவி என்னைக் கூப்பிட்டு, "அண்ணி, எல்லாம் போச்சு, இனி என்னால முடியாது" என்றாள். கவுன்சிலரைக் கூப்பிட்டேன். "அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கூட்டிட்டு வாங்க. திட்டாம கூட்டிட்டு வாங்க, அது போதும்" என்றார். மறுநாள் அவனிடம் ஒரு மணி நேரம் பேசினார். என்ன நடந்தது, யாரோடு இருந்தான், அதற்கு முந்தின ராத்திரி தூங்கினானா, மாத்திரை விட்டுப்போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதினார்கள். அந்தத் தாள் இப்போதும் அவன் பர்ஸில் இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு கட்டத்தில் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்று அந்தக் கவுன்சிலர்தான் சொன்னார். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் சிகிச்சையைக் கைவிட்டு நோய் திரும்புவதும் ஏறக்குறைய இதே அளவுதானாம். இதைச் சொல்லி ஆறுதல்படுத்தும் இடமும், "உங்க ஆளுக்குத் திமிர்" என்று சொல்லும் இடமும் ஒன்றல்ல. மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, "மறுபடி குடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். "வெளியே அனுப்பிவிடுவோம்" என்றோ "அடித்துத் திருத்துவோம்" என்றோ பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகச் சொன்னதும் இந்தப் பிரிவுதான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் பில் வில்சன் என்ற பங்கு வர்த்தகரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சந்தித்ததில் தொடங்கிய அமைப்பு அது. இரண்டு பேருமே குடிநோயாளிகள். கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டாம், குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். தம்பி முதலில் மறுத்தான். போன பிறகு அவன் சொன்னது, "அக்கா, அங்க யாரும் எனக்கு அட்வைஸ் பண்ணல. அவங்கவங்க கதையைச் சொன்னாங்க, அவ்வளவுதான்." அந்த வழிமுறை வேறு உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, முழுதாகக் குடியை விடுவதில் பல நேரம் அவற்றைவிட நல்ல பலன் தருகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. அதற்காக மருந்தை விட்டுவிட்டுக் கூட்டம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். தம்பி மனைவி குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறாள். பாட்டிலைத் தேடித் தேடிக் கொட்டுவதை நிறுத்தியது அங்கே போன பிறகுதான். அவள் முகத்தில் தெரியும் மாற்றத்துக்காகவே அந்தக் கூட்டத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

மதுவைத் தவிர வேறு போதைக்கும் இதே பிரிவு பார்க்கிறது. எங்கள் சித்தி மகனுக்கு ஓபியாய்டு என்கிற அபின் வகை வலி மாத்திரைப் பழக்கம். வித்ட்ராயல், அதாவது போதை நின்றதும் வரும் உடல் உபாதை, ஆரம்பித்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகே, அந்தப் பழக்கத்துக்கு மாற்றாகக் கொடுக்கும் புப்ரெனார்ஃபினின் முதல் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார்கள். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று சித்தப்பா சண்டை போட்டார். புப்ரெனார்ஃபினும், அதே போன்ற மாற்று மருந்தான மெத்தடோனும் 2005இலிருந்து உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன என்பதை அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. இன்னும் முக்கியமாக, கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு வருபவர் உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விட்டிருக்கும். வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மருந்துத் துணை இல்லாமல் வெறுமனே அடைத்து வைத்துவிட்டு வெளியே அனுப்புவது ஓபியாய்டு பழக்கத்தில் எவ்வளவு ஆபத்து என்பதைக் குடும்பங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஓபியாய்டு அளவு மீறினால் அதை முறிக்கும் நாலாக்சோன் மருந்தை எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இனி குறைகள். ஓபியில் காத்திருப்பு கொடுமை. காலையில் போனால் மதியம் தாண்டிவிடும், வேலைக்குப் போகிறவர் அன்றைக்கு விடுப்பு எடுத்தே ஆக வேண்டும். மாலை நேர ஓபி இருந்தால் எத்தனையோ பேர் சிகிச்சையைக் கைவிடாமல் இருப்பார்கள். வராண்டாவில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். தம்பி ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவான். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் என்ன? கேட்டேன், பார்க்கிறோம் என்றார்கள். நன்றாகப் பழகிய கவுன்சிலர் மாற்றலாகிப் போனதும் புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டி வந்தது. பெண்களுக்குத் தனி வார்டு இல்லை. குடிநோய் உள்ள பெண்கள் எங்கே போவார்கள் என்பது என்னை ரொம்ப வருத்துகிறது.

எல்லோருக்கும் அட்மிஷன் தேவையில்லை. உலக சுகாதார அமைப்பின் ஆடிட் (AUDIT) என்ற வினாத்தாள் இருக்கிறது, 10 கேள்வி, 40க்கு மதிப்பெண். 8 வந்தாலே குடி ஆபத்தான அளவில் இருக்கிறது என்று அர்த்தம், அந்தக் கட்டத்தில் பக்கத்துப் பொது மருத்துவரிடம் பேசியே ஆரம்பிக்கலாம். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம், மனநலப் பிரிவுக்கே போங்கள். வீட்டில் வைத்தே நிரப்பி அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போனால் ஓபியில் டாக்டரிடம் பேச்சை ஆரம்பிப்பது சுலபமாக இருக்கும். குடிப்பவர் வர மறுத்தால் வீட்டார் மட்டும் போனாலும் இந்தப் பிரிவில் கவுன்சிலர் உட்கார வைத்துப் பேசுகிறார். எங்கள் வீட்டில் முதலில் உள்ளே போனதே நானும் தம்பி மனைவியும்தான்.